எவாஞ்சலியன் ப்ளூரே செட்: காசு போட்டு வாங்கற அளவுக்கு இருக்கா?

நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்ங்கற அனிமே (ஜப்பான் கார்ட்டூன்) சீரிஸோட ப்ளூரே, அதாவது டிவிடிக்கு அடுத்து வந்த டிஸ்க், வாங்கலாமான்னு கேட்டா, வாங்கலாம். ஆனா சாதா எடிஷன் போதும், பெரிய பெட்டி வேணாம், அதை ஓட்டுற பிளேயர் உங்க கையில இருக்கான்னு பாத்துட்டு அப்புறமா காசு கட்டுங்க. அவசரத்துல இருக்கறவங்க இதோட கிளம்பலாம். மத்தவங்களுக்கு கொஞ்சம் நீட்டியே சொல்றேன், ஏன்னா இந்த சீரிஸ் டிஸ்க்கா வந்த கதையே தனிக் கதை.

தெரியாதவங்களுக்கு: 1995 அக்டோபர்லேருந்து 1996 மார்ச் வரைக்கும் டிவி டோக்கியோல ஓடின 26 எபிசோட், ஹிதேயாகி அன்னோ டைரக்ஷன், கைனாக்ஸ் ஸ்டூடியோ தயாரிப்பு. பதினாலு வயசுப் பசங்களை ராட்சச உருவங்களுக்குள்ள உக்கார வச்சு, ஏஞ்சல்னு பேர் வச்ச ஏதோ ஒண்ணோட சண்டை போட அனுப்புவாங்க. அப்படித்தான் ஆரம்பிக்கும். போகப் போக சண்டை எல்லாம் ஓரத்துக்குப் போயிடும், அந்தப் பசங்க மனசுக்குள்ள என்ன ஓடுதுங்கறதுதான் கதையே. ரோபோ கார்ட்டூன்னு நெனச்சு வீட்ல வாண்டுங்களுக்குப் போட்டு விட்டுடாதீங்க, ரத்தம் இருக்கு, சாகணும்ங்கற பேச்சு இருக்கு, பெரியவங்களுக்கே ரெண்டு நாள் மனசு சரியில்லாம போற மாதிரி சீன் இருக்கு.

அமெரிக்காவுல இதை முதல்ல கொண்டு வந்தது ஏடிவி பிலிம்ஸ். 1996லேருந்து விஎச்எஸ் கேசட், அப்புறம் டிவிடி, 2004லேருந்து பிளாட்டினம்னு துடைச்சு மெருகேத்தின டிவிடி. 2009ல ஏடிவி கம்பெனியே கடையைக் கட்டிடுச்சு. அத்தோட அங்க புது டிஸ்க் வர்றது நின்னு போச்சு, இருக்கற பழைய செட்டை வச்சிருந்தவங்க செகண்ட்ஹேண்ட்ல நூத்துக்கணக்கான டாலர் சொல்ல ஆரம்பிச்சாங்க. ஜப்பான்ல 2015 ஆகஸ்ட்ல ப்ளூரே பாக்ஸ் வந்துச்சு, ஆனா அது ஜப்பான்காரங்களுக்குப் போட்டது, விலையும் அப்படி. 2019 ஜூன்ல நெட்ஃப்ளிக்ஸ்ல வந்துச்சு, புது மொழிபெயர்ப்பு, புது இங்கிலீஷ் டப். ஒருவழியா 2021 கடைசில ஜிகிட்ஸ்ங்கற அமெரிக்கக் கம்பெனி ப்ளூரே போட்டாங்க. நான் சொல்றது அந்த செட்டைத்தான்.

நம்ம கதை வேற. சென்னையில அப்பல்லாம் அனிமே வேணும்னா பர்மா பஜார் போகணும், முழு சீரிஸையும் ரெண்டு மூணு டிஸ்க்ல அடைச்சு வச்சிருப்பாங்க. வேகமா ஏதாவது நகந்தா படம் கட்டம் கட்டமா உடையும். சப்டைட்டில் ஜப்பானீஸ்லேருந்து சீனத்துக்குப் போயி அங்கேருந்து இங்கிலீஷுக்கு வந்திருக்கும், கேரக்டர் பேரெல்லாம் சீனப் பேரா மாறிருக்கும், மேல ஒருத்தன் உயிர் போற மாதிரி கத்துவான், கீழ "நீ சாப்பாட்டை விரும்புகிறாய்"ங்கற ரேஞ்சுல ஒரு வரி ஓடும். அதுலயே கதையை யூகிச்சு யூகிச்சுப் பாத்து வளந்த கூட்டம் நாங்க. அதனால ஒழுங்கான சப்டைட்டிலோட ஒரு டிஸ்க் கையில வந்தா அதோட அருமை எங்களுக்கு நல்லாவே தெரியும்.

சரி, மூணு எடிஷன் வந்துச்சு. சாதா, கலெக்டர்ஸ், அல்டிமேட். மூணுலயும் 26 எபிசோட், கூடவே டெத் ட்ரூ ஸ்கொயர், தி எண்ட் ஆஃப் எவாஞ்சலியன்னு ரெண்டு படம். பெரிய பெட்டில புத்தகம், கார்டு, இத்யாதி. முக்கியமான வித்தியாசம் ஒண்ணுதான், அந்தப் பழைய ஏடிவி காலத்து டப்பும் சப்டைட்டிலும் விலை ஜாஸ்தியான மத்த ரெண்டு எடிஷன்ல மட்டும் போனஸா வரும், சாதா எடிஷன்ல நெட்ஃப்ளிக்ஸ் காலத்து டப்தான். அமெரிக்காவுல பழைய டப் கேட்டு வளந்தவங்களுக்கு அது உயிர். நமக்கு? நான் ஜப்பானீஸ் ஆடியோ போட்டு சப்டைட்டில்லதான் பாக்கப் போறேன், எனக்கு எதுக்கு அது. கதையோட ஹீரோ பையன் ஷின்ஜிக்கு மெகுமி ஒகாட்டா குரல் குடுத்திருக்காங்க, ஒரு பொம்பளை பதினாலு வயசுப் பையனுக்குப் பேசறாங்கன்னு எங்கயுமே தோணாது, பின்பாதியில அவங்க கத்துற கத்தலை வேற குரல்ல கேக்க எனக்கு மனசு வரல. அல்டிமேட் விலைக்கு சாதா ரெண்டு மூணு வாங்கிடலாம். தமிழ் எதுலயும் கிடையாது, அதையும் சொல்லிடறேன், இப்ப சில அனிமேக்குத் தமிழ் டப் வர்றதால நிறைய பேர் கேக்கறாங்க.

இப்ப சப்டைட்டில். இந்த சீரிஸை வெறுமனே பாக்க முடியாது, படிக்கணும். வேற அனிமேல பேசறதுக்கு மட்டும் சப்டைட்டில் இருந்தா போதும். இதுல ஸ்க்ரீன் பூரா எழுத்து. கறுப்புல வெள்ளையா பெரிய பெரிய ஜப்பானிய எழுத்துல டைட்டில் கார்டு, ஏஞ்சலை எதிர்க்கற நெர்வ்ங்கற அமைப்போட கண்ட்ரோல் ரூம்ல சுத்தி இருக்கற மானிட்டர்ல எல்லாம் எழுத்து, அலாரம் அடிச்சா சிவப்புல எழுத்து. அதுக்கு நடுவுல அங்க வேலை பாக்கற மாயா ஒரு நம்பர் சொல்லுவா, அவ முடிக்கறதுக்குள்ள ஹ்யூகா இன்னொரு நம்பர் சொல்லுவான், பின்னாடி மைக்ல ஒருத்தன் என்னவோ அறிவிச்சுட்டே இருப்பான், அவங்க மேலதிகாரி மிசாட்டோ ஆர்டர் போடுவா. கீழ வர்ற ரெண்டு வரியில இத்தனையையும் அடைக்க எந்த மொழிபெயர்ப்பாளராலயும் முடியாது, முன்னாடி நிக்கறவங்க பேசறது வரும், பின்னாடி ஓடறது காத்தோட போகும். இது டிஸ்க்கோட குறை இல்ல, படம் எடுத்த விதமே அப்படி, ஜப்பான்காரனுக்கே பாதி காதுல விழாது.

ஆறாவது எபிசோட்ல ஜப்பான் முழுக்க இருக்கற கரண்டை உருவி ஒரே துப்பாக்கிக்குக் குடுப்பாங்க, அந்த ஏற்பாடு நடக்கற நேரம் பூரா மூச்சு விடாம டெக்னிக்கல் பேச்சு. பதிமூணாவது எபிசோட்ல கம்ப்யூட்டருக்குள்ள ஏஞ்சல் பூந்துடும், வெளிய சண்டையே கிடையாது, எல்லாமே உக்காந்து கீபோர்ட் தட்டிட்டுப் பேசறதுதான், ஆனா நகம் கடிக்க வைக்கும். இந்த ரெண்டுலயும் சப்டைட்டில் ஓடற வேகத்துக்கு ஈடு குடுக்க முடிஞ்சா மிச்சத்துக்குப் பயப்பட வேணாம். பதினாலாவது எபிசோட்ல ரெய்ங்கற பைலட் பொண்ணு தனியா பேசிட்டே போவா, ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தைன்னு துண்டு துண்டா. அங்க சப்டைட்டில் ரொம்ப அழகா உக்காரும், படிக்கவும் நேரம் இருக்கும்.

25, 26 ரெண்டும்தான் அசல் சோதனை. கறுப்பு ஸ்க்ரீன்ல கேள்வி வரும், அதுக்கு ஒரு குரல் பதில் சொல்லும், அந்தக் குரலை வெட்டி இன்னொரு கேள்வி வரும், சில கார்டு கண் சிமிட்டுற நேரம்தான் நிக்கும். ஸ்ட்ரீமிங்ல பாக்கும்போது நிறுத்தினா உடனே மேலயும் கீழயும் பட்டன் வந்து படம் இருட்டாயிடும், எந்த எழுத்தைப் படிக்க நிறுத்தினோமோ அதுவே சரியாத் தெரியாது, பாதி நேரம் அந்தக் கார்டு தாண்டியே போயிருக்கும். டிஸ்க்ல பாஸ் அடிச்சா படம் அப்படியே நிக்கும், சப்டைட்டிலும் கூடவே நிக்கும். ஸ்லோ பட்டன் இருக்கற பிளேயரா இருந்தா மெதுவா நகத்தி நகத்திப் பாக்கலாம். எனக்கு இந்த ஒரு விஷயத்துக்கே காசு செரிச்சுடுச்சு. ஓப்பனிங் பாட்டு ஒண்ணரை நிமிஷத்துல எத்தனை படம் எத்தனை எழுத்து வெட்டி வெட்டிப் போறான்னு நகத்திப் பாருங்க, கதையோட பாதி ரகசியத்தை அங்கயே காட்டிருக்கான் படவா.

இன்னொண்ணு, சப்டைட்டிலுக்கு வேலையே இல்லாத இடங்கள். 22வது எபிசோட்ல இன்னொரு பைலட் பொண்ணு ஆஸ்காவும் ரெய்யும் லிஃப்ட்ல நிப்பாங்க. ஒண்ணும் நகராது. ஒரு வார்த்தை கிடையாது. நிமிஷம் ஆகப் போற மாதிரி இருக்கும், எங்க வீட்ல தம்பி "ஹேங் ஆயிடுச்சுடா"ன்னு ரிமோட்டைத் தேட ஆரம்பிச்சுட்டான். 24ல பீத்தோவன் ஒன்பதாவது சிம்பொனி ஓட ஓட அதே மாதிரி ஒரு அசையாத ஷாட். டிஸ்க் ஹேங் ஆகல, படமே அப்படித்தான், ரிட்டர்ன் போட்டுடாதீங்க.

இனிமே வருத்தமான விஷயம். ஒவ்வொரு எபிசோட் முடிவுலயும் வர்ற ஃப்ளை மீ டு தி மூன் இந்த செட்ல இல்ல. 1954ல பார்ட் ஹோவர்ட் எழுதின அமெரிக்கப் பாட்டு அது, ஜப்பானுக்கு வெளிய இப்ப அதோட உரிமை வாங்கல, நெட்ஃப்ளிக்ஸ்லயும் அதனாலதான் இல்ல. ஒரிஜினல்ல எபிசோடுக்கு எபிசோட் பாடறவங்க மாறுவாங்க, இசை மாறும், நடிச்ச பொண்ணுங்களே பாடின வெர்ஷன் கூட உண்டு. மனசைப் பிசைஞ்சு எடுத்த எபிசோட் முடிஞ்சதும் சம்பந்தமே இல்லாம ஜாலியா ஒரு காதல் பாட்டு வரும் பாருங்க, அந்தக் குசும்புதான் அழகே. இப்ப அந்த இடத்துல ஒரு பியானோ பீஸ் வருது. பியானோ நல்லாத்தான் இருக்கு, ஆனா சோகத்துக்கு மேல சோகம். பழைய ஏடிவி டிவிடில பாட்டு இருக்கு. அதாவது பாட்டு வேணும்னா பழைய டிஸ்க், படம் பளிச்சுன்னு வேணும்னா புது டிஸ்க், ரெண்டும் ஒண்ணா வேணும்னா ஜப்பான் பாக்ஸ், ஆனா அதுல படிக்க இங்கிலீஷ் சப்டைட்டில் கிடையாதே. பாட்டுக்காக மட்டும் செகண்ட்ஹேண்ட்ல இருக்கற விலையைக் குடுத்து பழைய செட் தேடறது எனக்கு வீண் செலவாத்தான் படுது. எங்க சித்தி பையன் ஒத்துக்க மாட்டான், அவன் ரெண்டும் வச்சிருக்கான், அவனுக்கென்ன டாலர்ல சம்பளம்.

படம் பத்தி ரெண்டு வார்த்தை. டிவி சீரிஸ் 16 எம்எம் ஃபிலிம்ல எடுத்தது, அதுலேருந்து எடுத்த எச்டி, அதனால பொடிப் பொடியா புள்ளி, அதாவது ஃபிலிம் க்ரெயின், தெரியும். டிவில நாய்ஸ் ரிடக்ஷன் போட்டு அதை வழிச்சு எடுத்தா முகமெல்லாம் மெழுகு மாதிரி ஆயிடும், அணைச்சு வைங்க. சைட்ல ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், படம் நாலுக்கு மூணு. அதைப் பொறுக்க முடியாம ஜூம் பண்ணா மேலயும் கீழயும் வெட்டுப்படும், சப்டைட்டில் கால்வாசி காணாம போயிடும்.

அப்புறம் பிளேயர். நம்ம ஆளுங்க நிறைய பேர் மாட்டிக்கற இடம் இதுதான். ப்ளூரேக்கு உலகத்தை மூணு ரீஜனாப் பிரிச்சு வச்சிருக்காங்க, டிஸ்க்கும் பிளேயரும் ஒரே ரீஜனா இருந்தாதான் ஓடும். அமெரிக்கா, ஜப்பான், கொரியா, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் ஏ. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா பி. இந்தியா, இலங்கை, சீனா, ரஷ்யா சி. இந்த செட் ரீஜன் ஏ. சிங்கப்பூர், மலேசியாவுல இருக்கறவங்க குடுத்து வச்சவங்க, அமெரிக்க டிஸ்க்கை வாங்கி நேரா போட்டுடலாம். இந்தியாவுல வித்த பிளேஸ்டேஷன் ப்ளூரே விஷயத்துல சி தான், அதுல கேம் எந்த ஊர்து போட்டாலும் ஓடும்ங்கறதால படமும் ஓடும்னு நெனச்சுக்காதீங்க, ஓடாது. டிவிடி காலத்துல ரிமோட்ல ஏதோ நம்பர் அடிச்சு ரீஜனைத் திறந்தோமே, அந்த வித்தை ப்ளூரேக்குப் பெரும்பாலும் செல்லாது, உள்ள போர்டுல கை வைக்கணும்.

ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடையில "ஆல் ரீஜன் சார், எதைப் போட்டாலும் ஓடும்"னு அடிச்சு சொன்னாரு. நான் டிஸ்க்கைப் பையிலயே கொண்டு போயிருந்தேன், இங்கயே போட்டுக் காட்டுங்கன்னேன். முதல்ல ஒரு அமெரிக்க டிவிடி போட்டோம், ஜம்முன்னு ஓடுச்சு. ப்ளூரே போட்டோம், ரீஜன் சரியில்லன்னு ஒரு வரி வந்து அப்படியே நின்னுடுச்சு. "அது ப்ளூரே சார், இது டிவிடிக்குத்தான் ஆல் ரீஜன்"னு அப்பத்தான் சொல்றாரு, மூஞ்சில ஒரு சலனம் இல்ல. அதனால எங்க பிளேயர் வாங்கினாலும் டிஸ்க்கோட போங்க, ஓடறதைக் கண்ணால பாத்துட்டு அப்புறம் பில் போடச் சொல்லுங்க. நான் கடைசில ரீஜன் ஃப்ரீன்னு மாத்தியே விக்கிற பிளேயரா பாத்து வாங்கினேன், அது செட்டை விட விலை ஜாஸ்தி. ஆனா இனிமே வாங்கற எல்லா டிஸ்க்குக்கும் அதுதானே. கம்ப்யூட்டர்ல ப்ளூரே டிரைவ் இருக்கறவங்க பிளேயர் சாஃப்ட்வேர்ல ரீஜனை ஏ-க்கு மாத்திப் பாக்கலாம், ஆனா பொதுவா அஞ்சு தடவைக்கு மேல மாத்த விடாது, ஒருதடவை மாத்தினா அங்கயே விட்டுடுங்க.

வாங்கற வழி: நேரா இந்தியாவுக்கு அனுப்பச் சொன்னா ஷிப்பிங், கஸ்டம்ஸ்னு கையைக் கடிக்கும். அமெரிக்காவுல சொந்தக்காரங்க இல்லாத தமிழ்க் குடும்பம் ஏது, அவங்க அட்ரஸுக்குப் போட்டு ஊருக்கு வரும்போது எடுத்துட்டு வரச் சொல்லிடுங்க. எனக்கு அப்படித்தான் வந்துச்சு, ஊறுகாய் பாட்டில் போன சூட்கேஸ்லயே திரும்பி வந்துச்சு. முன்ன ஒருதடவை வேற ஒரு சீரிஸை பார்சல்ல வரவழைச்சப்ப கேஸுக்குள்ள டிஸ்க்கைப் பிடிச்சிருக்கற நடுப் பல்லு உடைஞ்சு டிஸ்க்கெல்லாம் உள்ள உருண்டுட்டு இருந்துச்சு, அனுப்பினவனும் கொண்டு வந்தவனும் மாத்தி மாத்தி அவன்தான் இவன்தான்னாங்க. எப்படி வந்தாலும் முதல் நாளே எல்லா டிஸ்க்கையும் வெளிய எடுத்து வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்துடுங்க, ஒவ்வொண்ணையும் மெனு வரைக்குமாவது ஓட்டிப் பாத்துடுங்க.

நெட்ஃப்ளிக்ஸ்ல இருக்கும்போது எதுக்கு டிஸ்க்குன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான், ஒருதடவை பாத்தா போதும்னா டிஸ்க் வேணவே வேணாம், அதுல பாத்துட்டு வேற வேலையைப் பாருங்க. ஆனா 2024 ஏப்ரல்ல ஃபனிமேஷன்ங்கற அனிமே ஆப்பை மூடினாங்களே, அப்ப டிஸ்க் வாங்கி அதுல இருந்த கோடைப் போட்டு டிஜிட்டல் காப்பி சேத்து வச்சிருந்தவங்களோட காப்பி எல்லாம் போயே போச்சு, அதுக்குப் பதிலா வந்த க்ரன்ச்சிரோல் ஆப்புக்கு மாத்தித் தரல. அலமாரியில டிஸ்க் இருந்தவங்க அதைப் போட்டுப் பாத்துக்கிட்டாங்க. இந்த எவாஞ்சலியனே பத்து வருஷத்துக்கு மேல அமெரிக்காவுல புதுசா டிஸ்க் இல்லாம கிடந்த சீரிஸ்தானே. கிடைக்கற நேரத்துல எடுத்து வைக்கறது நல்லது, மறுபடி எப்ப பிரிண்ட் நிக்கும், எப்ப விலை ஏறும்னு ஒருத்தருக்கும் தெரியாது.

பாக்கற வரிசை: 26 எபிசோடையும் முடிச்சுட்டு அப்புறம் தி எண்ட் ஆஃப் எவாஞ்சலியன். அந்தப் படத்துல நடுவுலயே பேர் போடற எழுத்து ஓட ஆரம்பிக்கும், படம் முடிஞ்சுடுச்சுன்னு டிஸ்க்கை எடுத்துடாதீங்க, இன்னும் பாதி இருக்கு. டெத் ட்ரூ ஸ்கொயர்ங்கறது முதல் 24 எபிசோடை வெட்டி ஒட்டின சுருக்கம், மறுபடி ஒருதடவை ஞாபகப்படுத்திக்கணும்னு தோணினா போட்டுக்கலாம், பாக்காம விட்டாலும் ஒண்ணும் குறைஞ்சு போயிடாது.